வத்தல் நெடியில் மறைந்த மஞ்சள்

கொரோனா வருவதற்கு இரண்டு வருடங்களுக்கு முன்பு நடந்தது இது. அப்போது நான் மதுரை சிம்மக்கல் பக்கம் ஒரு வத்தல் மண்டியில் வேலை பார்த்தேன். மிளகாய் வத்தலுக்குக் காம்பு கிள்ளுகிற வேலை. மூட்டையை அவிழ்த்துத் தரையில் கொட்டிவிடுவார்கள். அந்தச் சிவப்புக் குவியலைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக எடுத்துக் காம்பைக் கிள்ளி, வெளிறிப்போனதைத் தனியாக ஒதுக்க வேண்டும்.

அது நல்ல வேலை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். சாயங்காலம் கை நெருப்பாக எரியும். மோரில் கழுவி, தேங்காய் எண்ணெய் தேய்த்தாலும் அடங்காது. அந்தக் கையோடு தெரியாமல் கண்ணைத் தொட்டுவிட்டால் அவ்வளவுதான். ஆனால் அந்த மண்டிக்குள் உட்கார்ந்திருந்த பெண்களை இன்றைக்கும் நான் நினைக்காத நாளில்லை. வேலை ஒழிந்ததில் எனக்கு வருத்தமே இல்லை. அந்தக் கூட்டம் கலைந்துபோனதுதான் வருத்தம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த மண்டிக்குள் இருமாத ஆளே கிடையாது. வெளியிலிருந்து வருகிற வியாபாரிகள் வாசலிலேயே தும்மிவிட்டு ஓடுவார்கள். நாங்கள் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு இருமிக்கொண்டே பேசுவோம், இருமிக்கொண்டே சிரிப்போம். எல்லோருடைய கண்ணும் அழுதுவிட்டு வந்தது மாதிரி எப்போதும் சிவந்துதான் இருக்கும். யாருக்காவது சோறு இறங்கவில்லை என்றால், 'நெடி ஏறிப்போச்சு' என்பதோடு பேச்சு முடிந்துவிடும். எந்த நோய் வந்தாலும் அங்கே ஒளிந்துகொள்ள வசதியான இடம்.

என் வலப்பக்கம் உட்காருகிறவள்தான் என் தோழி. என்னைவிட நாலைந்து வயது சின்னவள். புருஷன் இல்லை. ஒரே மகள், ஜவுளிக்கடையில் வேலை. ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு வரிசை வீட்டில் ஒரு அறையில் அம்மாவும் மகளும் இருந்தார்கள். நான் ஆற்றுக்கு வடக்கே வயல்காட்டு ஊரிலிருந்து டவுன் பஸ்ஸில் வருகிறவள். எங்கள் மாமனார் காலம்வரை அடுத்தவர் நிலத்தில் கூலி. என் புருஷன் காலத்தில்தான் கையளவு நிலம் சொந்தமாக வந்தது. அதில் விளைகிற கீரையை நான் கொண்டுவருவேன், அவள் மீன் குழம்பு கொண்டுவருவாள். மத்தியானம் டப்பாவைத் திறந்தவுடனே இரண்டையும் ஒன்றாகக் கொட்டிப் பிசைந்து இரண்டு பேரும் சாப்பிடுவோம். அவள் கையால் பிசைந்தால்தான் எனக்கு இறங்கும். வெட்கமில்லாமல் சொல்கிறேன், என் கூடப்பிறந்தவளிடம்கூட நான் அப்படி உட்கார்ந்து சாப்பிட்டதில்லை.

அந்த வருடம் மாசி மாதத்தில் அவள் இளைக்க ஆரம்பித்தாள். மகளுக்குப் பசுமலையில் மாப்பிள்ளை பார்த்து, ஆவணியில் கல்யாணம் என்று பேசி வைத்திருந்தார்கள். கல்யாணக் கவலை என்று நாங்கள் நினைத்தோம். டப்பாவைத் திறப்பாள், இரண்டு வாய் தின்பாள், மூடி என் பக்கம் தள்ளிவிடுவாள்.

சேர்ந்தாற்போல் இரண்டு நாள் விடுமுறை வந்தபோது எங்களில் ஒருத்தியின் பேத்திக்குக் காதுகுத்து. மண்டி ஆட்கள் எல்லோரும் போயிருந்தோம். திறந்தவெளியில் பந்தல். நல்ல வெயில். இரண்டு நாளாக வத்தல் நெடி படாததால் எல்லோருடைய கண்ணும் வெளுத்து, மனுஷர் கண் மாதிரி இருந்தது. அவள் கண் மட்டும் மஞ்சளை இழைத்துத் தடவியது மாதிரி இருந்தது. நான் அங்கேயே அவள் தாடையைப் பிடித்துத் திருப்பினேன்.

"ஏய், கண்ணக் காட்டு."

"என்னாக்கா இது, எல்லாரும் பாக்குறாக."

"பாத்தாப் பாக்கட்டும். மேல பாரு. அடி ஆத்தி, மஞ்சக் காமாலைடி உனக்கு!"

"சும்மா இருக்கா. பந்தல்ல மஞ்சத் துணி கட்டிருக்காக, அது தெரியுது."

"என் கண்ணுலயும் அதே துணிதான் தெரியணும். ஒண்ணுக்கு என்ன நெறத்துல போகுது?"

"செவப்பாத்தான்..." என்று ஆரம்பித்தவள் சட்டென்று நிறுத்தி, "சூடுக்கா. தண்ணி குடிக்கிறதில்ல," என்றாள்.

அந்தத் தடுமாற்றத்தை நான் கவனித்தேன். ஆனால் அதற்கு அர்த்தம் எனக்கு அன்றைக்குத் தெரியாது.

அதற்குள் பெண்கள் கூடிவிட்டார்கள். எங்களில் மூத்தவளைக் கமுதிக்காரி என்று கூப்பிடுவோம். எதையும் கேலி செய்யாமல் அவளால் பேச முடியாது. "மக கல்யாணத்துக்கு மஞ்ச அரைக்கச் சொன்னா, இவ மொத ஆளாப் பூசிக்கிட்டு வந்து நிக்கிறா பாரு," என்றாள். எல்லோரும் சிரித்தோம். என் தோழியும் சிரித்தாள். உடனே மருத்துவமும் முடிவாகிவிட்டது. எங்கள் பக்கத்தில் காமாலை என்றால் இரண்டாவது யோசனையே கிடையாது. கீழாநெல்லிதான். வெறும் வயிற்றில் குடிக்க வேண்டும். உப்பு, எண்ணெய், புளி, கவிச்சி எதுவும் ஆகாது.

"வயக்காட்டுக்காரி நீதானே. நீ கொண்டாந்து குடுத்துரு," என்றாள் கமுதிக்காரி.

"குடுக்கிறேன். இவ குடிக்கலைனா மூக்கப் பிடிச்சு ஊத்துறேன்," என்றேன்.

மறுநாளிலிருந்து அதுதான் என் முதல் வேலை. விடிந்ததும் வரப்புக்குப் போவேன். பனி ஈரத்தில் வரப்பு ஓரம் கீழாநெல்லி கொத்துக் கொத்தாக நிற்கும். இலைக்கு அடியில் சின்னச் சின்னக் காய் வரிசையாகத் தொங்குகிறதா என்று திருப்பிப் பார்த்துத்தான் பிடுங்குவேன். அது மாதிரியே இருக்கிற வேறு செடியும் கலந்து கிடக்கும். வேரோடு பிடுங்கி, மோட்டார் தண்ணீரில் மண் போக அலசி, அம்மியில் மை மாதிரி அரைத்து, மோரில் கரைத்து டப்பாவில் ஊற்றிக்கொண்டு பஸ் ஏறுவேன். பஸ் குலுங்குகிற குலுக்கலில் ஒரு நாள் மூடி திறந்து, பக்கத்தில் இருந்தவர் வேட்டியில் பச்சையாகக் கொட்டிவிட்டது. அவர் திட்ட ஆரம்பித்தார். காமாலைக்கு மருந்து என்று சொன்னதும் திட்டை நிறுத்திவிட்டு, "ஆட்டுப் பால்ல குடுங்கம்மா, மோர் சரிப்படாது," என்று யோசனை சொன்னார். எங்கள் ஊரில் இந்த மருந்து தெரியாத ஆளே கிடையாது.

மண்டியின் இரும்புக் கதவைத் திறப்பதற்கு முன்னால் அவள் வந்து படியில் உட்கார்ந்திருப்பாள். நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு முன்னால் நிற்பேன். அவள் கண்ணை இறுக மூடி ஒரே மூச்சில் குடிப்பாள். குடித்துவிட்டு முகத்தைக் கோணலாக்கி நாக்கை நீட்டுவாள். நாக்கு பச்சையாக இருக்கும். "நாக்க உள்ள போடுடி, கடைக்காரன் பயந்துருவான்," என்பேன். எதிர்ப்பக்கம் பழக்கடையில் கூடை இறக்கிக்கொண்டிருப்பார்கள். தெரு முழுக்க ஈர வைக்கோல் வாசம் வரும். அந்தக் காலை வேளைகளை என்னால் மறக்க முடியாது. ஒரு மனுஷிக்கு நான் உபயோகமாக இருக்கிறேன் என்று அந்தப் படியில் நின்றபோதுதான் முதல் தடவையாகத் தோன்றியது.

ஆனால் காமாலை இறங்கவில்லை.

நாள் ஆக ஆக மஞ்சள் கூடியது. வாந்தி எடுத்தாள். உடம்பைச் சொறிந்துகொண்டே இருந்தாள். காம்பு கிள்ளுகிற கை நடுங்கியது. நான் செடியின் அளவைக் கூட்டினேன். மோரை விட்டுவிட்டு ஆட்டுப் பாலுக்கு மாறினேன். அவளும் அவள் பங்குக்குக் கடையில் 'ஈரல் காக்கும் பொடி' என்று ஏதோ பச்சைப் பொடி வாங்கிக் கலக்கிக் குடித்தாள். "ஆஸ்பத்திரிக்குப் போவமா?" என்று ஒரு தடவை கேட்டேன். "அங்க போனா குளுக்கோஸ் ஏத்துவாக, வேற என்ன செய்வாக? உன் மருந்தே போதும்க்கா," என்றாள். எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது. விட்டுவிட்டேன்.

ஆனால் மருந்து ஏன் கேட்கவில்லை? என் புத்திக்கு எட்டியது ஒரே காரணம்தான். இவள் பத்தியத்தை மீறுகிறாள். வீட்டில் ஒளித்து வைத்துக் கருவாடோ ஊறுகாயோ தின்கிறாள். கவிச்சி இல்லாமல் ஒரு வாய் இறங்காதவள் எப்படி உப்பில்லாக் கஞ்சியோடு இருப்பாள்? கேட்டால், "சத்தியமா இல்லக்கா," என்றாள். நான் நம்பவில்லை. கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் அவள் வீட்டுக்குப் போனேன்.

அந்தச் சந்துக்குள் நுழையும்போதே கருவாடு வறுக்கிற வாசம் வந்தது. எனக்குச் சுர்ரென்று ஏறியது. கதவைத் தள்ளிக்கொண்டு போனேன். அவள் பாயில் சுருண்டு கிடந்தாள். மகள் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள்.

"எங்கடி கருவாடு?"

"என்னாக்கா? எப்ப வந்த?"

"எங்கடி வச்சிருக்க? தெருமுனை வரைக்கும் நாறுது!"

"அது பக்கத்து வீட்டுலக்கா..."

நான் காதிலேயே வாங்கவில்லை. சட்டியைத் திறந்தேன், கஞ்சி. பானையைத் திறந்தேன், அரிசி. அலமாரியில் ஒவ்வொரு டப்பாவாக மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன். மேல் தட்டில் பின்னால் தள்ளி ஊறுகாய் ஜாடி ஒன்று இருந்தது. அவள் பாயிலிருந்து எழுந்திருக்கப் பார்த்தாள். "அத விடுக்கா," என்றாள். பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். "காமாலைக்காரிக்கு ஊறுகாயா?" என்று கத்திக்கொண்டே மூடியைத் திறந்தேன்.

ஊறுகாய் இல்லை. கழுவித் துடைத்த ஜாடி. உள்ளே சுருட்டி வைத்த மாத்திரை அட்டைகள். பாதி தின்றது, பாதி பாக்கி. எல்லாம் பெரிய பெரிய மாத்திரை.

"என்னாடி இது?"

"சத்து மாத்திரை."

"சத்து மாத்திரையை எவடி ஊறுகாய் ஜாடியில ஒளிச்சு வைப்பா?"

அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். பேசுவதற்கே மூச்சு வாங்கியது. "சத்தம் போடாதக்கா. மக வந்துருவா. எனக்கு டிபிக்கா. இருமல் நிக்கலைன்னு ஆஸ்பத்திரிக்குப் போனேன். சளிய எடுத்துப் பாத்துட்டுச் சொன்னாக. தை மாசத்துலருந்து சாப்பிடுறேன்."

நான் ஒரு எட்டுப் பின்னால் போனேன். இதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. ஒரே டப்பாவில் பிசைந்து தின்ற சோறுதான் முதலில் நினைவுக்கு வந்தது. ஒரு நிமிஷம்தான். அவள் அதைப் பார்த்துவிட்டாள். "நீயே இப்படி நகர்றியே, அப்புறம் நான் ஆருகிட்டச் சொல்லுவேன்?" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நான் அப்படியே அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

"மண்டியில சொன்னா மொதலாளி என்ன செய்வாருன்னு உனக்குத் தெரியாதா? அந்தச் சாக்குத் தைக்கிறவளுக்கு வந்தப்ப, அவ குடிச்ச சொம்பத் தூக்கி ரோட்டுல போடச் சொன்னாரு. மாப்பிள்ள வீட்டுக்குத் தெரிஞ்சா கல்யாணம் நிக்கும். ஆனி மாசத்தோட மாத்திரை முடியும்னாக. முடிச்சுட்டா ஆருக்கும் தெரியாமப் போயிரும்னு நெனச்சேன்."

"சரிடி. காமாலை வந்தப்பவாவது டாக்டர்கிட்டப் போயிருக்க வேண்டியதுதானே?"

"போனா மாத்திரைய நிறுத்திருவாக. நிறுத்துனா திரும்ப மொதல்லருந்து. ஆவணிக்குள்ள எப்படி முடியும்? ஒண்ணுக்கு செவப்பாப் போகும், பயப்படாதேன்னு மாத்திரை குடுக்கும்போதே சொன்னாக. அதனால நெறம் மாறுனதும் எனக்கு வித்தியாசம் தெரியல. கண்ணு மஞ்சளானதுக்கு அப்புறம்தான் தெரிஞ்சது. போன்ல ஒரு வீடியோவுல ஒருத்தரு சொன்னாரு, கீழாநெல்லி குடிச்சா எந்த மாத்திரையும் ஈரலத் தொடாதாம், கவசம் மாதிரி நிக்குமாம். நீயும் அதத்தான் கொண்டாந்து குடுத்த. எனக்கு எம்புட்டு சந்தோசம் தெரியுமா? காலையில பஸ் ஸ்டாண்டுக் குழாயில தண்ணி பிடிச்சு அந்த மாத்திரையப் போட்டுக்கிட்டு, மண்டிக்கு வந்து உன் மருந்தையும் குடிச்சுக்குவேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அவள் மேல், அந்தப் போன்காரன் மேல், முதலாளி மேல், பக்கத்து வீட்டுக் கருவாட்டின் மேல்கூட. கத்துவதற்கு வாயைத் திறந்து திரும்பினேன். வாசலில் மகள் குடத்தோடு நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. குடத்தைக் கீழே வைத்தாள். அழவில்லை. "எந்த ஆஸ்பத்திரி பெரியம்மா? இப்பவே போகலாமா?" என்று மட்டும் கேட்டாள்.

ஆட்டோ பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அவசரப் பிரிவில் சின்ன வயது டாக்டரம்மா ஒருத்தி இருந்தாள். நான் மாத்திரை அட்டை, பொடிப் பாக்கெட், அன்றைக்குப் பிடுங்கிக் கையோடு கொண்டுவந்திருந்த கீழாநெல்லிக் கட்டு எல்லாவற்றையும் மேஜையில் வைத்தேன். கண்ணை இழுத்துப் பார்த்ததுமே அவள் முகம் மாறிவிட்டது. ரத்தம் எடுத்து அனுப்பினாள். முடிவு வந்ததும் எங்கள் இரண்டு பேரையும் வெளுத்து வாங்கினாள்.

"டிபி மாத்திரை சில பேருக்கு ஈரலைப் பாதிக்கும். சாப்பாடு பிடிக்கலை, வாந்தி, கண் மஞ்சள்னா உடனே வாங்கன்னு சொல்லித்தான் குடுத்திருப்பாங்க. உடனே வந்திருந்தா ஈரல் தேறுற வரைக்கும் நிறுத்திட்டு, திரும்ப ஒவ்வொண்ணா ஆரம்பிச்சிருப்போம். இப்ப ரத்தம் உறையிறதே குறைஞ்சு போச்சு. ஈரல் முழுசா நின்னு போச்சுன்னா நாங்க செய்றதுக்கு அதிகம் ஒண்ணும் இருக்காது. தெரியுமா?"

"கீழாநெல்லி குடுத்தமே டாக்டரம்மா," என்றேன்.

"அதை நான் கெட்டதுன்னு சொல்லலை. எலிக்குக் குடுத்துப் பாத்து, ஈரலுக்கு நல்லா இருக்குன்னு ஆராய்ச்சியில எழுதுறாங்க. மனுசங்களுக்கு எவ்வளவு குடுக்கணும், எந்த மாத்திரையோட சேரும்னு உறுதியா இன்னும் யாரும் சொல்லலை. அந்தப் பொடியில என்ன கலந்திருக்குன்னு எனக்கும் தெரியாது, வித்தவருக்கும் தெரியாது. ஒருத்தன் தினமும் வந்து அடிக்கிறான். அவன் கையைப் பிடிக்காம, அடிபட்ட இடத்துல எண்ணெய் தடவிக்கிட்டே இருந்திருக்கீங்க."

ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்த என் தோழி கண்ணைத் திறக்காமலே, "அடிக்கிறவனும் என் நல்லதுக்குத்தானே தாயி அடிச்சான்," என்றாள். டாக்டரம்மாவுக்குத் திட்டு நின்று சிரிப்பு வந்துவிட்டது.

எல்லா மாத்திரையையும் நிறுத்தி வார்டில் சேர்த்தார்கள். அடுத்த சில நாட்கள் மோசமானவை. அவள் அரைத் தூக்கத்திலேயே கிடந்தாள். ஒரு மத்தியானம் என்னைப் பார்த்து, "மண்டியில கதவத் தொறந்துட்டாகளா?" என்று கேட்டாள். எதிரே ஜன்னலும் கட்டில்களும்தான் இருந்தன. டாக்டரம்மாவைக் கூப்பிட ஓடினேன். அன்றைக்கு அவள் போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். நான் வேலைக்குப் போகவில்லை. கமுதிக்காரியும் மற்றவர்களும் ஆள் மாற்றி ஆள் வந்து நின்றார்கள். விஷயம் அவர்களுக்கும் தெரிந்துவிட்டது. நான்தான் சொன்னேன். இரண்டு பேர் அதற்குப் பிறகு வரவில்லை. வந்தவர்களைப் பற்றித்தான் எனக்கு ஞாபகம். எல்லோருக்கும் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று சொன்னார்கள். "நமக்குச் சளியிலயும் காரம்தான்டி வரும், மெசினு வெடிச்சிரப்போகுது," என்று கமுதிக்காரி சொன்னாள். அந்த வார்டிலேயே ஆட்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தோம். பயத்தில் வருகிற சிரிப்பு அது. பரிசோதனையில் யாருக்கும் நோய் இல்லை.

மெதுவாக அவள் கண் தெளிந்தது. ஒரு நாள் காலையில், "கருவாட்டுக் குழம்பு வேணும்க்கா," என்று கேட்டாள். பிழைத்துவிட்டாள் என்று எனக்கு அப்போதுதான் நம்பிக்கை வந்தது.

கல்யாண விஷயம் பாக்கி இருந்தது. "கொஞ்ச நாளைக்கு வெளிய சொல்லாதக்கா," என்று அவள் கெஞ்சினாள். மகள் கேட்கவில்லை. எங்கள் முன்னாலேயே போனை எடுத்து, மாப்பிள்ளைப் பையனிடம் பேசினாள். "எங்கம்மாவுக்கு டிபி. மாத்திரையில காமாலை வந்து ஆஸ்பத்திரியில இருக்காங்க. சரியாக இன்னும் மாசக் கணக்கா ஆகும். ஆவணியில முடியாது. உங்க வீட்டுல சரிப்படாதுன்னா இப்பவே சொல்லிருங்க, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்." வைத்துவிட்டாள். அவள் அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மாப்பிள்ளை வீட்டிலிருந்து நாலைந்து நாள் ஒரு தகவலும் இல்லை. அந்த நாலைந்து நாளும் என் தோழி கஞ்சியை வாயில் வைக்காமல் தள்ளிவிட்டாள். நோய் செய்யாததை இது செய்துவிடும் போலிருந்தது.

பிறகு ஒரு நாள் மாப்பிள்ளையின் அம்மா தனியாக வந்தார். எனக்கு அதற்கு முன்னால் அறிமுகம் கிடையாது. பஸ்ஸில் வந்த களைப்போடு கட்டில் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நலம் விசாரிக்கவில்லை. நேராகக் கேட்டார்.

"மாத்திரை எப்ப முடியும்?"

"மார்கழி ஆயிரும்னு சொல்றாக," என்றாள் மகள்.

"அப்பத் தையில வச்சுக்குவோம். எங்க வீட்டுக்கும் வெள்ளையடிக்கணும். எப்படியும் ஆவணிக்குள்ள முடிஞ்சிருக்காது." பிறகு என் தோழியைப் பார்த்து, "ஏன் சம்பந்தி, இதுக்காகவா சாகப் பாத்தீக? எங்களப் பாத்தா அம்புட்டுக் கெட்ட சனமாவா தெரியுது?" என்றார். கோபமாகத்தான் கேட்டார். எனக்கு அந்தக் கோபம் ரொம்பப் பிடித்திருந்தது. என் தோழி அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர் கையை உருவிக்கொள்ளாமல், "சரி சரி, ஆஸ்பத்திரிக் காப்பி நல்லா இருக்குமா?" என்று கேட்டார்.

ஈரல் தேறிய பிறகு டிபி மாத்திரைகளை ஒவ்வொன்றாகத் திரும்ப ஆரம்பித்தார்கள். ஒரு மாத்திரை, பிறகு ரத்தப் பரிசோதனை, பிறகு அடுத்தது. அவளுக்கு ஒத்துக்கொள்ளாததைக் கண்டுபிடித்து விலக்கிவிட்டு, அதற்குப் பதில் வேறு கொடுத்தார்கள். மகளும் நானும் தினமும் அவளை வாசலுக்குக் கூட்டிவந்து வெளிச்சத்தில் கண்ணைப் பார்ப்போம். மார்கழியில் முடித்தாள். தை மாதக் கல்யாணத்தில் மணமேடைக்குப் பின்னால் மண்டிக் கூட்டம் மொத்தமும் நின்று சத்தம் போட்டோம். வராமல் போன அந்த இரண்டு பேரும் வந்திருந்தார்கள். நான் அவர்களோடு பேசவில்லை. சாப்பாட்டுப் பந்தியில் பேசிவிட்டேன்.

ஆனால் மண்டிக்கு அவள் திரும்பி வரவில்லை. அந்த நெடி இனி ஆகாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். என் வலப்பக்கத்தில் வேறொருத்தி வந்து உட்கார்ந்தாள். நல்ல பெண்தான். அவள்மேல் எனக்கு ஒரு காரணமும் இல்லாமல் எரிச்சல் வரும். பிறகு கொரோனா வந்தது. மண்டியை ஊருக்கு வெளியே மாற்றினார்கள். நானும் நின்றுவிட்டேன். கமுதிக்காரி ஊரோடு போய்விட்டாள். என் தோழி இப்போது பசுமலையில் மகள் வீட்டோடு இருக்கிறாள். பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுப் போன் பேசுவாள். நன்றாகத்தான் இருக்கிறாள். ஆனால் இரண்டு பேர் டப்பாவையும் ஒன்றாகக் கொட்டிப் பிசைந்து சாப்பிட்டு வருடக்கணக்காகிறது.

இப்போதும் எங்கள் ஊரில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் செடி கேட்டு என்னிடம்தான் வருகிறார்கள். நான் கொடுப்பதற்கு முன்னால், வேறு என்ன மருந்து சாப்பிடுகிறாய் என்று கேட்கிறேன். பதில் உடனே வராது. சொல்ல முடியாத காரணம் ஒன்று எல்லோருக்கும் இருக்கும். முன்பெல்லாம் கத்தியே வாயை அடைத்துவிடுவேன். இப்போது அவர்கள் வாயைத் திறக்கிறவரை கோபப்படாமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கப் பழகியிருக்கிறேன். எனக்கு அது இன்றைக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் அன்றைக்கு அந்தப் பாயில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்த பிறகுதான் அவள் எல்லாவற்றையும் சொன்னாள் என்பதை நான் மறக்கவில்லை.